கெட், செட்டுக்குப் பின்னால்

சி ஷார்ப்பில் ஒரு கிளாஸுக்குள் 'விலை' என்று ஒரு பிராப்பர்ட்டியை எழுதி, அடைப்புக்குள் கெட், செட் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மதிப்பைப் போடலாம், எடுக்கலாம். அந்த மதிப்பு எங்கே இருக்கிறது? நாம் எழுதிய வரியில் அதற்கென்று ஓர் இடத்தையும் ஒதுக்கவில்லையே!

நிரல் எழுதப் பழகுகிறவர்களிடம் இதை வாயால் விளக்குவதைவிட, கம்பைல் ஆன கோப்பை ஐஎல்ஸ்பை கருவியில் திறந்து, ஐஎல் வடிவத்தில் பார்க்கச் சொல்வேன். நாம் எழுதியது ஒரு வரி. அங்கே இருப்பதோ 'கெட்_விலை', 'செட்_விலை' என்று இரண்டு மெத்தடுகள், கூடவே நாம் எழுதாத ஒரு பிரைவேட் ஃபீல்டு. அதன் பெயரில், கோண அடைப்புக்குள் 'விலை', அதை ஒட்டி 'கே__பேக்கிங்ஃபீல்டு'. கோண அடைப்பு வேண்டுமென்றே வைத்தது. சி ஷார்ப்பில் எந்தப் பெயரிலும் அந்தக் குறி வரக்கூடாது. ஆகவே நாம் வைக்கும் எந்தப் பெயரும் இதோடு மோதாது. இந்த முன்யோசனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பிராப்பர்ட்டி கடையின் முகப்பு மட்டுமே. சரக்கு இருப்பது பின்னாலிருக்கும் கிடங்கில். 1995-இல் வந்த டெல்ஃபியில் இரண்டையும் நாமே கட்ட வேண்டும். ஃபீல்டின் பெயருக்கு முன் 'எஃப்' சேர்ப்பது அங்கே வழக்கம். டெல்ஃபியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் சி ஷார்ப்பையும் வடிவமைத்தார். அதிலும் முதலில் இதே பாடுதான். 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கம்பைலர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

வேலை குறைந்தது நல்லதுதான். ஆனால் பின்னால் இருப்பதை அறியாதவரை சில பிழைச்செய்திகள் புரியவே புரியாது. 'வண்டி'யின் 'இடம்' என்ற பிராப்பர்ட்டி ஒரு ஸ்ட்ரக்ட் என்று வையுங்கள். வண்டி.இடம்.எக்ஸ் = 5 என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். கெட் மெத்தடு நம்மிடம் தருவது மதிப்பின் நகல். நகலில் 5 என்று மாற்றினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த வீண்வேலையைத்தான் கம்பைலர் தடுக்கிறது. மெத்தடு என்று தெரிந்த நொடியில் இது விளங்கிவிடும்.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. பழைய பைனரி ஃபார்மேட்டர், ஆப்ஜெக்டைக் கோப்பில் சேமிக்கும்போது பிராப்பர்ட்டியைக் கேட்பதில்லை. நேரே ஃபீல்டுகளை அவற்றின் பெயரோடு எழுதிவைக்கும். பிற்பாடு ஒருவர் செட்டில் ஒரு சோதனையைச் சேர்ப்பதற்காகத் தானே ஒரு ஃபீல்டு எழுதினால், வெளியே 'விலை' அப்படியேதான் இருக்கும். உள்ளே பெயர் மாறியிருக்கும். பழைய கோப்பிலுள்ள விலை புதிய ஃபீல்டுக்கு வந்து சேராது. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே இருப்பவருக்குப் பாதிப்பில்லை என்பதுதான் பிராப்பர்ட்டி தரும் வாக்கு. அதை நம்பி நியாயமாக வேலை செய்தவரின் தரவு தொலைவது எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம்.

2025-இல் வந்த சி ஷார்ப் 14-இல், தனியாக ஃபீல்டு அறிவிக்காமலே அந்தச் சோதனையை எழுதலாம். கெட், செட்டுக்குள் 'ஃபீல்டு' என்ற சொல், கம்பைலர் உண்டாக்கிய அந்த இடத்தையே குறிக்கும். உங்கள் பழைய கிளாஸில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபீல்டு இருந்தால், அதற்கு முன்னால் 'திஸ்' சேர்த்துவிடுங்கள்.