முட்டை போடும், அப்புறம்?

கடல் மீன் வீட்டுத் தொட்டியில் முட்டை போடுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடும். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு ஹாலில் இருக்கும் கோமாளி மீன் ஜோடி மாதத்துக்கு இரண்டு தடவை போடுகிறது. வம்பு ஆரம்பிப்பது பொரிந்த பிறகுதான். கப்பி, மோலி வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். கப்பிக் குட்டி பிறந்த அன்றே பொடித்த தீனியைத் தின்னும். கோமாளிக் குஞ்சோ மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். இரண்டு கண்ணும் ஒரு கண்ணாடி இழையும், அவ்வளவே உடம்பு. அதன் வாய்க்குள் நுழையும் அளவில், உயிரோடு நெளியும் இரை வேண்டும். அசையாத எதையும் அது சாப்பாடாக மதிப்பதில்லை.

முதலில் கடலைத் திருச்சிக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் கரைக்குப் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு எடுக்க இங்கிருந்துதான் வேதாரண்யத்துக்கு நடந்து போனார். ஆனால் அந்த உப்பு சாம்பாருக்கு ஆகும், தொட்டிக்கு ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னாலேயே படிந்துவிடும். மெக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நடுவில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மீனுக்கு எல்லாமே வேண்டும். அதனால் செயற்கைக் கடலுப்பை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, அடர்த்தி 1.025 வரும்வரை அளந்துகொண்டே இருக்கிறேன்.

ஜோடி சேர்ப்பது சுலபம். கடைக்காரர் ஆண், பெண் என்று பிரித்துக் கூடுதல் விலை சொன்னால், இளம் மீன்களாக இருக்கும்போது நம்ப வேண்டாம். கோமாளி மீன் முதலில் ஆணாகவே பக்குவமாகும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக நிற்கும். பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாகிவிடும். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ இந்த இடத்தில் உயிரியலை ஓரங்கட்டிவிட்டது. அம்மா போன பிறகு நீமோவின் அப்பா அப்பாவாகவே நீடித்திருக்க முடியாது. ஆக, அளவில் சற்று வித்தியாசமான இரண்டு குஞ்சுகளை வாங்கி விட்டால் போதும். மீதியை அவை அடித்துப் பிடித்துத் தீர்த்துக்கொள்ளும்.

முட்டையிடும் இடத்துக்கு நான் வைப்பது சாய்த்த மண் ஓடு. இடுவதற்கு முன்பே இரண்டும் அதைக் கொத்திக் கொத்தித் துடைக்கும். அப்போது தொட்டிக்குள் கை விட்டால் பெண் மீன் கடிக்கும். முட்டை முதலில் ஆரஞ்சு நிறம். நாள் போகப் போகக் கறுக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் பொட்டு தெரியும், அவை கண்கள். ஆண் மீன் துடுப்பால் ஓயாமல் விசிறும், கெட்ட முட்டையைப் பொறுக்கித் தின்னும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து ஏழிலிருந்து பத்து நாளில், விளக்கணைந்த சற்று நேரத்தில் பொரியும்.

அன்று இரவு ஃபில்டரை நிறுத்தாவிட்டால் அத்தனையும் அதற்குள் போய்விடும். கும்மிருட்டில் ஒரு மூலையில் மட்டும் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அங்கே திரளும். கோப்பையால் தண்ணீரோடு மொள்ள வேண்டும், வலை கூடாது. இந்த வீட்டில் மீனா என்று முகம் சுளித்த பக்கத்து வீட்டு மாமி, இப்போது “இன்னிக்கு ராத்திரியா?” என்று விசாரிக்கிறார்.

இனிமேல்தான் உண்மையான தொழில். குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வெள்ளைத் தூசி துள்ளுவதுபோல் தெரியும். அதற்குத் தீனி நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசி. பட்டினி கிடந்த ரோட்டிஃபரில் சத்தே இராது, அதைத் தின்ற குஞ்சும் வயிறு நிறைந்தபடியே சாகும். எனவே மீன் வளர்ப்பவன் பாசிக்கு உரம் போட்டு, வெளிச்சம் காட்டி, அறுவடை செய்கிற விவசாயியாகத்தான் பெரும்பாலான நேரம் இருக்கிறான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியை நம் பக்கம் நிலைநாட்டியவை. எத்தனை பெரிய பொரிப்பகமானாலும் அதன் உயிர் பாசி வளர்க்கும் அறையில்தான் இருக்கிறது.

ரோட்டிஃபர் வளர்க்கும் கேன் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போகும். மேலே நுரை கட்டும், வாடை மாறும், மறுநாள் காலியாகிவிடும். என் கேனுக்கு மாற்று ஒன்று உறையூரில் நண்பர் வீட்டில் இருக்கிறது. காவிரிப் பாலத்தில் தண்ணி பாட்டிலில் ரோட்டிஃபர் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்திருக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் வெளியே நாற்பது டிகிரி தாண்டும்போது தொட்டியை 28-க்குள் வைப்பது இன்னொரு பாடு. சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீருக்கு மேலே சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். திருச்சி வெயில் வறண்டது, அதனால் பலிக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு எடுபடாது. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும், உப்பு எங்கும் போவதில்லை.

எல்லா மீனும் கோமாளியைப் போல முட்டையை ஓட்டில் ஒட்டிவைக்காது. நீல டேங் முட்டையை நீரில் இறைத்துவிடும். அதன் குஞ்சுக்கு ரோட்டிஃபரே பெரிது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகக்காரர்களுக்கே அது 2016-இல்தான் கைகூடியது, நமக்கு வேண்டாம். புதிதாக இறங்குபவருக்கு பங்காய் கார்டினல் சொல்வேன். ஆண் மீன் வாயிலேயே அடைகாத்துத் துப்பும் குஞ்சு, நேராக ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைத் தின்னும். கடல் குதிரையில் ஆசை வைக்க வேண்டாம். 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது.

எட்டு, பத்து நாளில் கோமாளிக் குஞ்சுக்குத் தலையில் முதல் வெள்ளைப் பட்டை விழும். தைராய்டு ஹார்மோன் தூண்டும் மாற்றம் அது. அந்த வாரத்தில்தான் அதிகம் சாகும். தப்பியவற்றில் சில பட்டை பாதியில் நின்றோ, ஒன்று குறைந்தோ வளரும். வளர்ப்பில் வந்த கோளாறாகவே நான் அதைப் பார்க்கிறேன், அவற்றை மட்டும் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பேன். வாங்க வருகிற பையன்களோ, “அண்ணா, அந்த பட்டை இல்லாததுதான் வேணும், ரேட் எவ்வளவு வேணா சொல்லுங்க” என்கிறார்கள்.