லோரி ஏன் முன்னால் போகிறது?

 

பங்குனி உத்திரம் நெருங்குது. மாரான் மரத்தாண்டவர் ஆலயத்துக்கு அன்னதானப் பொருளோட கிளம்புற நம்ம குழுவில் புதுசா சேருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. "மூணு வேனும் நல்லா ஓடும். அப்புறம் ஏன் அந்தப் பழைய லோரியை முன்னால விட்டு, அது பின்னாலேயே ஊர்ந்து போறோம்?" நேரில் ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல. அதனால இங்கே எழுதுறோம்.

மார்ச், ஏப்ரல் மாதம் நம்ம நாட்டில் பருவக்காற்று மாறுகிற நேரம். காலையில் வெயில் சுள்ளுனு அடிக்கும், மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும். பங்குனி உத்திரமும் அந்த நேரத்தில்தான் வருது. சில வருஷத்துக்கு முந்தி, திருவிழாவுக்கு முதல் நாள் நாங்கள் கோம்பாக் டோலைத் தாண்டும்போது வானம் வெளுப்பாத்தான் இருந்தது. கெந்திங் செம்பா குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தோம், மழை. பெந்தோங் தாண்டியதும் வைப்பரை முழு வேகத்தில் போட்டும் முன்னால போற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

தெமர்லோ ஆர் அண்ட் ஆரில் மூன்று வேனும் வந்து சேர்ந்தன. லோரியைக் காணோம். பத்து மூட்டை அரிசி, பருப்பு, அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு எல்லாம் அதில்தான். டிரைவர் அண்ணனோட இரண்டு பையன்களும் போயிருந்தாங்க. போன் அடிக்குது, எடுக்க ஆளில்லை. இருபது நிமிஷம் ஆச்சு. நாற்பது நிமிஷமும் ஆச்சு.

ராத்திரி ஏழு மணிக்குப் பந்தலில் சாப்பாடு போடுறதாச் சொல்லியிருந்தோம். எங்களில் சிலர், "நாம முன்னால போயி இடத்தைப் பிடிச்சு வைப்போம். சாமி காரியமாப் போற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாங்க. பால்குடம் எடுக்க எங்களோட வந்த ஒரு பெரியம்மா அதுவரைக்கும் வாயே திறக்கல. மெதுவாக் கேட்டாங்க: "சாமி காரியம்தாம்பா. அந்த லோரியில இருக்கறது யாரு வீட்டுப் பிள்ளைங்க?"

அதுக்கு மேல யாரும் கிளம்பணும்னு பேசல. தே ஓ ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்றோம்.

ஒரு மணி நேரம் கழித்து லோரி வந்தது. காற்றில் தார்ப்பாய்க் கயிறு அறுந்துபோச்சாம். டிரைவர் அண்ணன் அவசரத் தடத்தில் நிறுத்தாமல், மெதுவா உருட்டிக்கிட்டு வந்து டோல் பக்கம் அகலமான இடத்தில்தான் ஓரங்கட்டியிருக்கார். பையன்கள் இரண்டு பேரும் கொட்டுற மழையில் மேலே ஏறி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்காங்க. போன் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்ததால் அடித்தது காதில் விழல. இறங்கும்போது இரண்டு பேருக்கும் உதடு வெளுத்து நடுங்குது. பெரியம்மா தன் புதுத் துண்டை எடுத்து அவங்க தலையைத் துவட்டிவிட்டாங்க.

மறுபடியும் புறப்படும்போது டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "நான் முன்னால போறேன். என் வேகத்துக்கு நீங்க வாங்க. பின்னால வர்றவன் நின்னுட்டா முன்னால போறவனுக்குத் தெரியாது. முன்னால போறவன் நின்னா பின்னால வர்றவனுக்குத் தெரியும்." அன்றைக்கு வந்த பழக்கம்தான் இது.

மாரான் போய்ச் சேர மணி எட்டரை. பக்கத்துப் பந்தல்காரங்க கேட்காமலே ஒரு அடுப்பைக் கொடுத்து, காய் நறுக்கவும் உட்கார்ந்துட்டாங்க. ஒரு மூட்டை அரிசி நனைந்திருந்தது. நனைந்த அரிசி விடியற வரைக்கும் தாங்காது என்று அதையே முதலில் உலையில் போட்டோம். பத்தரை மணிக்கு முதல் பந்தி. தாமதம்னு யாரும் முகம் சுளிக்கல. மறுநாள் பெரியம்மாவின் பால்குடமும் நல்லபடியா முடிந்தது.

முருகன் காப்பாத்துவார், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனா பிரேக் மிதிக்க வேண்டிய கால் நம்மளோடது.

இந்த வருஷம் வருகிறவங்க தயவுசெய்து கவனிங்க. டயர் பூ 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. அந்த அளவு வரைக்கும் காத்திருக்காமல் முன்கூட்டியே மாத்திடுங்க. தேய்ந்த டயர் தண்ணீர் மேல சறுக்கும். மழையில் ஓடிக்கிட்டே நாலு பக்க விளக்கையும் சிமிட்ட விடாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு பின்னால வர்றவருக்குத் தெரியாது. முன் விளக்கைப் போட்டு, இடைவெளி விட்டுப் போங்க. பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிற மோட்டார் சைக்கிள்காரங்களைப் பார்த்துப் போங்க. லோரியை மட்டும் யாரும் முந்தாதீங்க.

தார்ப்பாய்க்கு இரண்டு புதுக் கயிறு வேணும். உபயம் செய்ய விரும்புறவங்க சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை.