எச்சரிக்கை விளக்கு

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுத எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. தமிழ் கற்பிப்பவன் நான். என் தந்தையாரின் மொறிஸ் மைனரைப் பின்னால் நின்று தள்ளியதே இத்துறையில் நான் பெற்ற ஆரம்பக் கல்வி. எனினும், 2023ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை எழுதிவிடாமல் என் மனம் ஆறாது போலத் தோன்றுகின்றது.

தந்தையார் ஆரையம்பதியிற் பாடசாலை அதிபராக இருந்தார். அவருடைய வண்டி மாதத்தில் ஒரு முறையேனும் எங்காவது நிற்கும். நின்ற இடம் எழுவான்கரையோ படுவான்கரையோ, எவரும் பதறியதில்லை. கல்லடியிலிருந்து பாஸ் சைக்கிளில் வருவார். போனற்றைத் திறந்து, சிறிது நேரம் செவிசாய்த்துக் கேட்டு, பீடியைக் காதிற் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை வாவியைக் கடக்க ‘பாதை’ என்று எங்கள் ஊரார் சொல்லும் மிதவையே கதி. அப்பாதைக்காகக் காத்திருக்கும் வேளையிலேயே காபரேற்றரைக் கழற்றிப் பூட்டி முடித்தவர் அவர்.

மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகிப் பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. பிற்காலத்தில், 1990களில், அதற்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலே செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. அடிக்கடி பழுதானபோதும் எங்கள் வீட்டார் அவ்வண்டியை நம்பினார்கள். அதைத் திருத்தத் தெரிந்தவர் வாவிக்கு இக்கரையிலே இருந்தார்.

2017இல், அரச சேவையாளருக்குக் கிடைத்த வரிச்சலுகை அனுமதிப்பத்திரத்தின் தயவில், புதிய ஐரோப்பிய வண்டியொன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஓட்டுதற்கு அதுபோல் இனியதொன்றை நான் அறியேன். ஆயின் அதன் முகவர் இருந்தது கொழும்பில். மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். எண்ணெய் மாற்றுவதற்கும் அங்கேதான் செல்ல வேண்டும் என்றார்கள். சென்றேன். குளிரூட்டிய மண்டபத்திற் கோப்பி தந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் என் வண்டியைத் திருத்துபவர் யார் என்பதை ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் அறிந்ததில்லை.

பழைய பாஸ் காலமாகி, அவருடைய மகன் அந்தக் கராஜை நடத்திவந்தார். ஊரார் அவரையும் பாஸ் என்றே அழைத்தனர். ஒருநாள் வண்டியை அவரிடம் காட்டினேன். போனற்றைத் திறந்தவர், எல்லாவற்றையும் மூடியிருந்த கரிய உறையைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னே எடுத்துக்கொண்டார்.

“சேர், இது கொம்பியூட்டர் வச்சிப் பாக்கிற சாமான். நான் தொட்டு மறுகா ஏதும் ஆகினா உங்களுக்குத்தான் கரைச்சல்.”

அவர் தயங்கியதிற் பிழையில்லை. வண்டியின் உட்கணினியோடு பேசும் பதினாறு ஊசித் துளை எல்லா வண்டிகளிலும் ஒன்றே. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கருவியாற் பொதுவான குறியீடுகளைப் படித்துவிடலாம். அதற்குமேல் உள்ளவை உற்பத்தியாளரின் மென்பொருளிடமே வாய் திறக்கும். பழுதுபார்க்கும் தகவல்களைச் சுயாதீனத் திருத்துநருக்கும் வழங்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே ஒழுங்குவிதி இயற்றியிருக்கின்றது. பெல்ஜியத்துக் கராஜ்காரருக்கு அது துணை நிற்கும். கல்லடிக்கு அதன் கை நீள்வதில்லை.

இவ்வண்டிகள் இழிவாகச் செய்யப்பட்டவை என்றும் நான் சொல்லமாட்டேன். ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்கள் வெளிவிடும் கரியமிலவாயுவைச் சராசரியாகக் கிலோமீற்றருக்கு 130 கிராமாக 2015க்குள் குறைக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பின்னர் அது 95 ஆயிற்று. இஞ்சின் சிறுத்தது, எடை குறைந்தது, உலோகம் இருந்த இடங்கள் பலவற்றிற் பிளாஸ்ரிக் வந்தது. பிளாஸ்ரிக் சூடேறியும் ஆறியும் ஆண்டுகள் கழிய நொய்ந்துபோகும். எங்கள் காலநிலையும் தன் பங்கைச் செய்யும். 2013 நவம்பரில் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் (என் வண்டி அவர்களுடையதன்று) ஏழு கியர்கள் கொண்ட இரட்டைக் கிளச்சுப் பெட்டியுள்ள பதினாறு இலட்சம் வண்டிகளை மீள அழைத்து எண்ணெய் மாற்றியது. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், அந்தச் செயற்கை எண்ணெய் மின்கோளாறை உண்டாக்கக்கூடும் என்பதே காரணம்.

2023இல், அம்மாவைக் கண்டியிற் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெலிக்கந்தையைக் கடந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெப்பமுள் ஏறியது. இறங்கிப் பார்த்தால் நீர் ஒழுகித் தார்வீதியில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, அது யானை நடமாடும் பகுதி. அம்மாவின் ஒரு கண் கட்டப்பட்டிருந்தது. “என்ன மனே, நிண்டிட்டா?” என்று இருமுறை கேட்டார். முகவரின் அவசர இலக்கத்தை அழைத்தேன். தூக்குவண்டி மறுநாட் காலை வரும் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள்.

பாஸை அழைத்தேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் வானொன்றில் வந்தார். கைபேசி வெளிச்சத்திற் கரிய உறையைக் கழற்றினார். விரலால் தடவித் தடவி, கைவிரல் நீளமுள்ள பிளாஸ்ரிக் குழாயொன்றில் வெடிப்பைக் கண்டுபிடித்தார். அதை வெட்டி நீக்கி, லொறியொன்றின் இறப்பர்க் குழாய்த் துண்டைச் செருகி, இரு கிளிப்புகளால் இறுக்கினார். நீர் ஊற்றினோம். எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. “அது எரியட்டும் சேர், சூடு ஏறல்லதானே” என்றார். எங்களுக்குப் பின்னாலேயே வீடு வரை வந்தார். எரிபொருட் செலவுக்கு மேல் ஒரு சதமும் பெற மறுத்துவிட்டார்.

அந்த இறப்பர்த் துண்டோடு பத்து நாட்களின் பின் கொழும்புவரை ஓடினேன். சேவை முகாமையாளர் அதனைக் கண்டதும் முகஞ்சுளித்தார். வெளியார் கைப்பட்டதால், குழாயோடு இணைந்த முழு அலகையும் மாற்றினாலன்றிப் பொறுப்பேற்க முடியாது என்றார். விலை என் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியது. பாகம் வர மூன்று வாரம் ஆகும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போது மீண்டும் தொடங்கியிருக்கவில்லை. இதை விற்று வேறொன்று வாங்குவதும் எளிதன்று. தலையாட்டினேன்.

“யார் சேர் இதைக் கட்டியது?”

என் கல்லூரிக் காலம் முதல் நானறிந்த மனிதரின் பெயர் என் நாவில் இருந்தது. அந்தக் குளிர்ந்த மண்டபத்திலே, அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கு முன்னே, “வழியிலே யாரோ ஒருவர்” என்றேன்.

பழைய அலகைக் கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே வெடித்தது, எங்கே மூட்டு, எங்கே இறப்பர் வளையம் என்று தம் உதவியாளனான சிறுவனுக்குக் காட்டினார். பிறகு சுவரில், தந்தையின் ஸ்பானர்கள் தொங்கிய ஆணியிலே, அதையும் மாட்டினார்.

“நான் கட்டினதுக்கு என்ன சொன்னாங்க, சேர்?”

“நல்ல வேலை என்றார்கள்” என்றேன்.