பிரிபடும் வீடு

பழைய மர வீடுகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஏக்கம் வீட்டைப் பார்க்க விடுவதில்லை. நாஞ்சில் நாட்டு மர வீட்டின் பிரதானமான குணம், அது பிரிக்கத் தக்கதாக நிற்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

பூதப்பாண்டியில் என் அம்மை பிறந்த வீடு அவ்வகையானது. கருங்கல் அடித்தளம். மேலே அயனி, பலா, தேக்கு. சுவரின் இடத்தில் நிரைப்பலகைகள். ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் நுழைகிறது. குறுக்கே ஒரு மர ஆப்பு. கழுக்கோல்களைத் துளைத்து ஊடே செல்லும் வளை கூரையைக் கோத்துவைத்திருக்கிறது. இரும்பு ஆணிக்கு வேலை இல்லை. ஆப்பைத் தட்டினால் கழன்றுவரும். ஒருநாள் பிரியும் என்பதை அறிந்தே ஆசாரி பூட்டியிருக்கிறார்.

பிரிய முடியாதிருந்தது உள்ளே வாழ்ந்த குடும்பம். நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழியில் சொத்து தாய்வழிக்குப் பொது. நிர்வாகம் காரணவர் கையில். அவருடைய சொந்த மகனுக்கு உகந்துடைமை என்று கொஞ்சம் கிடைக்கும். கவிமணி மான்மியம் பாடிச் சிரித்தது இந்த முறையைத்தான். திருவிதாங்கூரின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழி திறந்தது. அதன் பின் எங்கள் வீட்டில் பாகம் வைத்தபோது, நடுக்கூடத்தில் செங்கல் சுவர் எழும்பிற்று. பிரிக்கத் தெரிந்த வீட்டைப் பிரிக்கத் தெரியாதவர்கள் பிரித்தார்கள்.

இப்போது பழைய மரம் வாங்குபவர் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். மனை அவருக்கு வேண்டாம். தூண்கள் ஏதோ உல்லாச விடுதிக்குப் போகுமாம். பங்குக்காரர்கள் எல்லோருக்கும் சம்மதம். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

வீடு ஊரைவிட்டுப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து பிரித்து எடுத்துவந்து மறுபடி பூட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு நிற்கிறது. இடப்பெயர்ச்சி மர வீட்டுக்குச் சாவு ஆகாது. உறுப்புகளுக்குள் உள்ள உறவு அறுபடுவதுதான் சாவு. விடுதியின் வரவேற்பறையில் தூண் எதையும் தாங்காமல் நிற்கும். எந்தப் பாரமும் ஏற்காத பழஞ்சொற்களை நம் கவிதைகளிலும் இப்படி நிறுத்திவைத்திருக்கிறோம்.

முழுதாக எடுத்துப் பூட்டுகிறவர் வந்தால் பாதி விலைக்கே கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மை கேட்டாள்: "மீதிப் பாதிய நீ தருவியா மக்கா?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.