கேட்டு வாங்குவதில் கூச்சம் எதற்கு?

"போனால் போகிறது, நானூறு ரூபாய்தானே" என்று விட்டுவிடுவதைப் பெருந்தன்மை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆன்லைனில் வாங்கிய புடவை முதல் துவைப்பிலேயே சாயம் போகும். குக்கர் வேறு அளவில் வரும். முகம் சுளித்து, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அது பெருந்தன்மை இல்லை. அடுத்தவரையும் இப்படியே ஏமாற்றலாம் என்று விற்றவருக்கு நாம் கொடுக்கும் தைரியம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் ஆடித் தள்ளுபடியில் மிக்ஸி வாங்கினாள். பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தாள். பெட்டியைப் பிரித்தால் பெரிய ஜாரின் அடியில் விரிசல். வாசலில் நின்ற டெலிவரி பையனைப் பிடித்துக்கொண்டாள். கழற்றாத ஹெல்மெட்டோடு, வண்டி நிறையப் பார்சல்களோடு நின்ற அவன், "அக்கா, நான் கொண்டுவந்து குடுக்கிறவன்தான்" என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னதுதான் நியாயம். பொருளைச் செய்ததும் விற்றதும் அவன் இல்லை. பிறகு கஸ்டமர் கேருக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், ஒரு புது வாக்குறுதி. எதற்கும் எழுத்தில் சாட்சி இல்லை.

அவளை உட்காரவைத்து நான் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் பொருள் வந்தது. ஜாரில் விரிசல் உள்ளது, படம் இணைத்துள்ளேன். பணத்தைத் திருப்பித் தரவும்." வசவு இல்லை, புலம்பல் இல்லை. புகார் எண்ணையும் கேட்டு வாங்கச் சொன்னேன். பணம் கணக்குக்குத் திரும்பி வந்தது. கோபத்துக்குக் கிடைக்காத பதில், தேதியும் படமும் உள்ள கடிதத்துக்குக் கிடைத்தது.

சட்டமும் நம் பக்கம்தான் நிற்கிறது. 2020-இல் வந்த மின் வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பணத்தைத் தர மாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், தாமதிக்காமல் வங்கிக்கும் எழுத வேண்டும். அந்தப் பணத்தைத் திரும்பக் கோர வங்கிக்கு வழி உண்டு. அதற்குக் கெடுவும் உண்டு.

அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். அதனால் விலை கூடிய பொருள் என்றால், பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பில்லையும் அட்டைப் பெட்டியையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.

என் வயதுப் பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள்; அங்கே போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன. பொருள் வாங்கிய செயலிக்குள்ளேயே உதவிப் பகுதி இருக்கும், அங்கே போங்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறேன், யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை; போவதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல், அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போகும் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கும்.

நியாயம் இரண்டு பக்கமும் வேண்டும். கல்யாணத்துக்குப் புடவையைக் கட்டிவிட்டு, மறுநாள் மடித்துத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நஷ்டம் ஏதோ ஒரு ஊரில் கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு வியாபாரியின் தலையில் விழுகிறது. இப்படி அனுப்புகிறவர்கள் இருப்பதால்தான், உண்மையான குறையோடு வருகிறவரையும் விற்பவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் தொகை சிறிதா பெரிதா என்று பார்க்காதீர்கள். நிதானமாக, எழுத்தில், உடனே கேளுங்கள். செயலியில் புகார் எழுதத் தெரியாத பெரியவர் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், பத்து நிமிடம் ஒதுக்கி அவருக்காக நீங்கள் எழுதிக் கொடுங்கள்.