ஐந்தாவது ஏழு நிமிடம்

நித்ய தியானம் என்று அதற்குப் பெயர். மொத்தம் 35 நிமிடம். ஐந்து படிகள், ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். முதல் ஏழு நிமிடம் தாளமே இல்லாமல் தாறுமாறாக மூச்சை இழுத்து விடவேண்டும். அடுத்த ஏழு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உடம்பு அதிரும்படி 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்க வேண்டும். மூன்றாவது, கவனத்தைச் சக்கரம் சக்கரமாக மேலே கொண்டுபோவது. நான்காவது, வரும் எண்ணம் எதையும் பற்றிக்கொள்ளாமல் சும்மா இருப்பது. ஐந்தாவது, குரு பூஜை.

இதை நான் எந்த ஆசிரமத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. குந்தாவில் ஒரு டான்டீ லயத்தில் என் சித்தி செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

குந்தா என்றால் ஊட்டிக்குத் தெற்கே, மஞ்சூரைச் சுற்றி இருக்கிற மலைப்பகுதி. சுற்றுலா வருபவர்கள் அவலாஞ்சியோடு திரும்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் இருப்பது அணைகள், மின்நிலையங்கள், படுகர் ஹட்டிகள், தேயிலை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் டான்டீ. தாத்தாவும் பாட்டியும் அப்படி வந்தவர்கள். ஐம்பது வருஷமாகியும் பஸ்ஸில் எங்களைப் பற்றிப் பேசினால் 'சிலோன்காரங்க' என்றுதான் பேச்சு வரும்.

சித்தப்பா 2005-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு சித்திக்குத் தூக்கம் போய்விட்டது. பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டால் மறுநாள் சரிவில் கால் நிற்காது. கூடையோடு விழுந்தால் யார் பதில் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் 'கதவைத் திற, காற்று வரட்டும்' எங்கள் லயத்துக்குள் வந்தது. குமுதத்தில் நித்யானந்தா எழுதிய தொடர். இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே மீம்தான் ஞாபகம் வரும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அன்றைக்கு அது சாதாரண விஷயம் இல்லை. காவி கட்டிய ஒரு இளைஞர், சமஸ்கிருதம் போட்டு மிரட்டாமல், பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி பேசினார். கதை சொன்னார், சிரிக்க வைத்தார். மஞ்சூர் பஜார் தையல் கடையில் கிடந்த பழைய குமுதங்களைச் சித்தி வாங்கிக்கொண்டு வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கும். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு பெண்ணிடம் 'உன் மனசுக்கு என்ன ஆச்சு' என்று அதுவரை யாருமே கேட்டதில்லை. அந்தத் தொடர் கேட்டது.

சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். படுகர். கொஞ்சம் தேயிலை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் எல்லோரையும்போல அவரும் கடனில் மாட்டினார். அந்தக் காலத்தில் பிடதி ஆசிரமத்துக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒரு பைசா வாங்கியதில்லை. படுகர் வீட்டுத் திண்ணையில் லயத்துப் பெண்கள் சமமாக உட்கார்ந்ததே எங்கள் பக்கம் ஒரு செய்திதான்.

பத்தே நாளில் சித்தி தூங்கியது. இதில் எந்த மிகையும் இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னாலும் மேடுதான். ராத்திரி யாருக்கும் கண்மூடத் தைரியம் இல்லை. சித்தி பிள்ளைகளையெல்லாம் ஒரே அறையில் உட்கார வைத்து 'ம்ம்ம்' சொல்லவைத்தது. மழைச் சத்தத்துக்கு மேல் எட்டுப் பிள்ளைகளின் ரீங்காரம். நானும் அதில் ஒருத்தி. அந்த ராத்திரி பயம் குறைந்தது உண்மை.

ஏன் குறைகிறது என்பதற்கு அதிசயம் எதுவும் தேவையில்லை. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி குறுகுறுக்கும், தலை லேசாகும், உடம்பு மிதப்பதுபோல இருக்கும். பிறகு ரீங்கரிக்கும்போது வெளிமூச்சு நீள்கிறது. இதயத் துடிப்பு தணிகிறது. முதலில் உடம்பைக் கலக்கிவிட்டு, பிறகு அடங்க விடுகிறார்கள். கூடை தூக்கித் தூக்கி இறுகிப்போன தோளுக்கு அது பெரிய விடுதலை.

இதெல்லாம் நித்யானந்தா கண்டுபிடித்ததும் இல்லை. தாறுமாறான மூச்சை 1970-லேயே ஓஷோ தன் டைனமிக் தியானத்தின் முதல் கட்டமாக வைத்திருந்தார். ரீங்காரம் அவருடைய நாதபிரம்மா தியானத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், வண்டுபோல ஒலியெழுப்பும் பிராமரியை ஹடயோகப் பிரதீபிகை சொல்கிறது. மூச்சை இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று திருமூலர் கணக்கே போட்டிருக்கிறார். மூச்சு ஊர் ஊராக, கை மாறி மாறி வந்த பொருள். கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்தவரின் படம் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை ஒட்டுகிற இடம்தான் ஐந்தாவது ஏழு நிமிடம்.

28 நிமிடம் உங்கள் உடம்பு உழைக்கிறது. நுரையீரல் உங்களுடையது, தொண்டை உங்களுடையது. மனசு லேசாகி, கண் கலங்கி, யாரையாவது கட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் எதிரே ஒரு முகம் வைக்கப்படுகிறது. இதற்கெல்லாம் காரணம் இவர்தான், நன்றி சொல் என்கிறார்கள். ஓஷோ தியானத்தில் இப்படி ஒரு படி இல்லை. ஆனால் அவருடைய சந்நியாசிகள் கழுத்தில் அவர் படம் தொங்கும் மாலை இருந்தது. இடம்தான் வேறு. குமுதத்திலிருந்து வெட்டிய படம் எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் இருந்தது. சித்தி தினமும் இரண்டுக்கும் ஒரே சூடத்தைக் காட்டும்.

2010 மார்ச் 2-ம் தேதி ராத்திரி சன் டிவி அந்த வீடியோவை ஒளிபரப்பியது. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி லயத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே சேனல் ஓடியது. எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை நேரம். புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தேன். சித்தி எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் மறுநாளுக்கு அரிசி ஊறப்போட்டது. காலையில் தோட்டத்தில் கங்காணி 'என்னம்மா, கதவு தொறந்துச்சா, காத்து வந்துச்சா?' என்று கேட்க, மலையே சிரித்தது என்று பிறகு அம்மா சொன்னார்.

நடந்ததெல்லாம் பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தில் கைது. ஜாமீன். ஒரு முன்னாள் சிஷ்யை கொடுத்த பாலியல் வன்முறைப் புகார் கர்நாடக நீதிமன்றத்தில் வழக்கானது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2012 ஏப்ரலில் மதுரை ஆதீனத்தின் 293-வது பட்டமாக அறிவிக்கப்பட்டு, அதே அக்டோபரில் நீக்கப்பட்டார். 2019-ல் அவர் நாட்டைவிட்டே போய்விட்டது தெரியவந்தது. பிறகு 'கைலாசா' என்று ஒரு நாடு அறிவிப்பு. 2023 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐநா குழுக்களின் பொதுக் கூட்டத்தில் கைலாசாவின் பெயரில் பெண்கள் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்று ஐநா அலுவலகம் சொன்னது.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். நித்யானந்தாவைப் புகழ்ந்து எழுதிவந்த சாரு நிவேதிதா, வீடியோவுக்குப் பிறகு 'சரசம் சல்லாபம் சாமியார்' என்று குமுதம் ரிப்போர்ட்டரில் தொடர் எழுதினார். எழுதத் தெரிந்தவருக்கு ஏமாற்றத்தைக் கொட்ட ஒரு இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திண்ணையில் உட்கார்ந்த பெண்கள் கொட்ட எந்த இடமும் இல்லை. அவர்கள் பேசாமல் வேலைக்குப் போனார்கள்.

அந்தத் திண்ணை மூன்றாகப் பிரிந்தது. இரண்டு பெண்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்கள். படம், மூச்சு, தூக்கம் எல்லாம். 'த்தூ, அந்தாளு சொல்லிக்கொடுத்தத நான் செய்யறதா?' என்று ஒருத்தர் மறுபடியும் மாத்திரைக்குப் போனார். வாத்தியார் எதிர்ப்பக்கம் போனார். முதலில் வீடியோ மார்பிங் என்றார். பிறகு சதி என்றார். மதுரை விவகாரத்தில், 'பாத்தீங்களா, ஆதீனமே ஒத்துக்கிட்டாரு' என்றார். கைலாசா வந்தபோது அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அவர் முட்டாள் இல்லை. எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவர் கடைசியாக வந்து நிற்கும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: 'ஆயிரம் பேருக்கு நிம்மதி குடுத்தாரும்மா. உங்க சித்திக்குத் தூக்கம் வந்துச்சா இல்லியா?' தூக்கம் வந்தது. அதனால் புகார் சொன்ன பெண் பொய் சொல்கிறாள். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தபோது அவரை நிமிர்த்தியது அந்த 35 நிமிடம். குரு விழுந்தால் அந்த நிமிர்வும் பொய்யாகிவிடும் என்று அவர் பயப்படுகிறார். எல்லாவற்றையும் எறிந்த பெண்களுக்கும் இதே கணக்குதான், விடை மட்டும் வேறு. குரு பொய், ஆகவே என் தூக்கமும் பொய். இரண்டு பேரையும் கட்டியிருப்பது ஒரே கயிறு.

குருவே அந்தக் கயிற்றை அறுத்தாலும் எளிதில் அறுந்துவிடாது என்பதற்கு ஜே.கிருஷ்ணமூர்த்தி சாட்சி. உலக ஆசானாக வளர்க்கப்பட்டவர், 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி ஹாலந்தில் ஓமன் முகாமில், சுமார் மூவாயிரம் பேர் முன்னால் தன் இயக்கத்தைக் கலைத்தார். யாரையும் ஏமாற்றவில்லை, நேர்மையாகச் சொல்லிவிட்டு விலகினார். ஆனாலும் பலர் நொறுங்கிப்போனார்கள். அவரைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்ட எமிலி லட்யன்ஸ், அந்தக் கதையைச் சொல்லி ஒரு புத்தகமே எழுதினார். மோசடி நடந்தால்தான் மனம் உடையும் என்றில்லை. நன்றி முழுவதையும் ஒரே முகத்தின்மேல் வைத்துவிட்டால் போதும்.

பீட்டில்ஸ் கதை வேறு மாதிரி. 1968-ல் ரிஷிகேசில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தங்கியிருந்தபோது அவரைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. லெனன் கோபத்தோடு வெளியேறினார். ஹாரிசனும் கிளம்பினார், ஆனால் தியானத்தை விடவில்லை. 1992-ல் மகரிஷியின் இயக்கத்தைச் சேர்ந்த கட்சிக்காக லண்டனில் கச்சேரியே செய்தார். அந்த வதந்தி உண்மைதானா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. ஒரே ஆள், ஒரே தியானம், ஒரே வதந்தி. இருவர் இரண்டு விதமாகக் கணக்கை முடித்தார்கள்.

சித்தி எப்படி முடித்தது என்பது எனக்கு உடனே தெரியவில்லை. வீடியோ வந்த வாரமே படத்தை எடுத்துவிட்டது. கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் போட்டது. ஆறேழு மாதம் தியானமும் இல்லை, தூக்கமும் இல்லை. பிறகு ஒருநாள் விடியற்காலை 'ம்ம்ம்' சத்தம் கேட்டது. முதலில் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று நினைத்தேன்.

நான் கோவையில் கல்லூரி சேர்ந்து, லீவுக்கு வந்திருந்தபோது கேட்டேன். எத்தனை நிமிஷம் செய்ற சித்தி?

'இருபத்தெட்டு.'

மீதி ஏழு?

'அதுக்கு அப்பறம் உலை வைக்கணும்ல.'

வேறொரு சமயம், டிவியில் அந்த வழக்கு பற்றிய செய்தி வந்தபோது வாத்தியாரும் வீட்டில் இருந்தார். வழக்கம்போல ஆயிரம் பேர் நிம்மதிக் கதையை ஆரம்பித்தார். சித்தி அவரிடம் குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. 'எனக்குத் தூக்கம் வந்துச்சுங்க வாத்தியாரே. அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்? அது சொல்றத ஒரு தடவ கேக்கணும்ல' என்றது. டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

ஏழு நிமிடத்தைக் கழித்ததன் பலன் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தி தன் தூக்கத்துக்கு இனி யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. அதனால் முகம் தெரியாத ஒரு பெண் சொல்வதைக் கேட்க அதன் காது திறந்திருந்தது. வழக்கில் யார் சொல்வது உண்மை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் புகாரைக் காதில் வாங்குவதற்கே ஒருவர் கடனில்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சாமியார் விவகாரத்திலும் லட்சக்கணக்கான நல்லவர்கள் ஏன் வாய் மூடி இருக்கிறார்கள் என்று நாம் கேட்கிறோம். அவர்கள் வாங்கியது நிஜமான நிம்மதி. அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நான் வேலை செய்யும் ஆபீசில் தியானத்துக்கு ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். அதில் சாமியார் இல்லை, சூடம் இல்லை. ஒரு பெண் குரல் ரீங்கரிக்கச் சொல்கிறது. முடிந்ததும் எத்தனை நாள் தொடர்ந்து செய்தேன் என்று கணக்குக் காட்டி, வருடச் சந்தா கேட்கிறது. முகம் போனாலும் ஐந்தாவது படி போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண், பரீட்சை பயத்தில் கை நடுங்குகிறது என்று சித்தியிடம் வந்து உட்கார்ந்திருந்தாள். சித்தி மூச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எதிரே சுவரில் ரேஷன் கடை காலண்டர்.

'இது யாரு ஆயா கண்டுபுடிச்சது?' என்று கேட்டாள் அவள்.

'யாரோ. நீ மொதல்ல போயி மூக்கச் சிந்திட்டு வா. அடச்சிக்கிட்டு எப்புடி இழுப்ப?'