வெண்பனியும் செங்குருதியும்

மார்கழி விடியலில் புத்தூர் உய்யக்கொண்டான் கரையில் இறங்கும் பனி, கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடும். புல்லை நனைக்கும் இத்துளிக்கும், குளிர் நாடுகளில் ஆளுயரம் குவிந்து வழியை அடைக்கும் வெண்திரளுக்கும் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லையே வழங்குகிறோம். பின்னதை நம்மில் பெரும்பாலோர் திரைப்படங்களில்தான் கண்டிருக்கிறோம். அப்படங்களுள் ஒரு வகை நம் சிந்தனைக்குரியது: குளிர்காலத்தைக் களமாகக் கொண்டு, துப்பாக்கியும் பழியுணர்ச்சியும் மிகுந்து வரும் அமெரிக்க மேற்குநிலக் கதைகள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் இவற்றை வீட்டிலேயே பார்க்கிறார்கள். நாமும் உடன் அமர்கிறோம். இவை நம் உள்ளத்தை என்ன செய்கின்றன?

குதிரைவீரர் கதை நமக்குப் புதிதன்று. 1972-இல் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' வந்தது. சிவகாசியின் சித்திரக்கதை இதழ்கள் டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேச வைத்தன. இத்தகைய கதைகளில் பெரும்பாலும் வெயிலும் புழுதியுமே காட்சி. சுடப்பட்டவன் விழுவான், புழுதி அவனை மூடும், கதை மேலே செல்லும். விழுந்தவனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் புத்தூரில் வாழும் நமக்கு உண்மை தெரியும். இங்குள்ள அரசு மருத்துவமனையின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம், பாயும் தூக்குவாளியுமாகக் காத்திருப்போரைக் காண்கிறோம். ஒரு மனிதனின் காயம் ஒரு நொடியில் முடிவதன்று. அது ஒரு குடும்பத்தையே நாள்கணக்கில் தரையில் படுக்க வைப்பது.

பனிநிலப் படங்களின் முதல் நிறை இதுவே: அவற்றுள் சிறந்தவை சாவை அவசரமாகக் கடந்து செல்வதில்லை. ராபர்ட் ஆல்ட்மன் 1971-இல் இயக்கிய 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' படத்தின் இறுதியை எண்ணிப் பார்ப்போம். ஊர்க்கோவில் தீப்பற்றி எரிகிறது. அக்கோவிலை ஒருநாளும் பொருட்படுத்தாத மக்கள் எல்லாரும் தீயணைக்க ஓடுகிறார்கள். அதே வேளையில், குண்டடிபட்ட மெக்கேப் தனியனாய்ப் பனியில் அமர்ந்து மெல்ல மெல்ல மூடப்படுகிறான். கட்டடத்தைக் காக்கத் திரண்ட ஊர், மனிதனைக் காணவில்லை. இக்காட்சி நம்மைப் போன்ற ஆலயப் பற்றாளரை உறுத்த வேண்டிய காட்சி.

இரண்டாவது நிறை, குளிர் வறுமையை வெளிப்படுத்துவது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ கொர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) யூட்டா மலைப்பகுதியில் நிகழும் கதை. பசியால் களவாடிய ஏழைகள் பனிமலையில் ஒளிந்திருக்க, அவர்கள் தலைக்கு விதித்த பணத்துக்காக வேட்டையாடுவோர் பிணங்களைப் பனியில் புதைத்து வைத்துப் பின்னர் எடுத்துச் செல்கின்றனர். முடிவில் ஊமையான கதைத்தலைவனும் ஏழைகளும் மடிகின்றனர். கொன்றவர்களோ சட்டம் தங்கள் பக்கம் என்று கூறிப் போகின்றனர். சட்டப்படி நடப்பதெல்லாம் நீதியாகிவிடாது என்பதை இதைவிட ஆறுதலின்றிச் சொன்ன படம் அரிது. ஆயினும் பகைவரின் கட்டைவிரலைச் சுட்டுத் தெறிக்கச் செய்யும் காட்சிகளில் இப்படமும் கொடுமையைச் சுவைக்கத் தருகிறது.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. வெண்மையின்மேல் செம்மை கண்ணைக் கவரும். கலைஞன் சற்று அயர்ந்தாலும், குருதி துன்பத்தின் அடையாளமாக இல்லாமல் அழகுப் பொருளாகிவிடும். குவென்டின் டாரன்டினோவின் 'தி ஹேட்புல் எய்ட்' 2015-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. எனியோ மோரிக்கோனேவுக்கு இசைக்கான ஆஸ்கர் விருது பெற்றுத் தந்த படம் அது. பனி படர்ந்த மரச்சிலுவை ஒன்றில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை நெடுநேரம் காட்டித் தொடங்குகிறது. அதன்பின், கைதியான ஒரு பெண்ணின் முகத்தில் விழும் அடிகள் சிரிப்பை வரவழைக்கும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. சிலுவை தொடக்கத்தில் நின்றுவிடுகிறது. அதன் பொருள் படத்துக்குள் நுழையவில்லை.

அதே ஆண்டின் 'தி ரெவனன்ட்' வேறுவகை. இயற்கை ஒளியில் எடுக்கப்பட்ட அதன் பனிக்காட்சிகள் உயிர்வாழ்தலின் அருமையை உணர்த்துகின்றன. கதைக்கு மூலமான ஹியூ கிளாஸ் 1823-இல் கரடியால் குதறப்பட்டு, தோழர்களால் கைவிடப்பட்டவர். படம் அவருக்கு ஒரு மகனைக் கற்பித்து, அம்மகனின் கொலைக்குப் பழிவாங்கச் செய்கிறது. இறுதியில் பழியைக் கடவுளிடம் விடுவதாகக் கூறும் கிளாஸ், எதிரியை அவனைக் கொல்லக் காத்திருப்போரிடம் ஆற்றில் தள்ளிவிடுகிறான். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கேட்பது இதுவன்று. உண்மையான கிளாஸோ, தம்மைக் கைவிட்டுச் சென்றவர்களைக் கண்டபோது கொல்லாமல் விட்டார் என்றே வரலாறு கூறுகிறது. அந்த அரிய செயலைப் படம் கைவிட்டது.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகக் காட்டினார். அப்படத்திலும் வன்முறையால் வந்த சாவு உண்டு. ஆனால் பார்வையாளர் நின்றது ஆணி அறைந்தோர் பக்கத்தில் அன்று, அறையப்பட்டவர் பக்கத்தில். இந்த அளவுகோல் இன்றும் போதும். வன்முறை இருப்பதாலேயே ஒரு படத்தைத் தள்ள வேண்டியதில்லை. படம் முடிந்தபின் பிள்ளைகளிடம், பனியில் விழுந்து கிடந்தவர்களுள் யார் நினைவில் நிற்கிறார் என்று கேட்போம். ஒரு முகமாவது நினைவுக்கு வருமாயின், அப்படத்தைப் பார்த்தது வீணன்று.